கொட்டகைக்குள்ளேயே நின்ற பத்மினி: மழை படாத பெயிண்டில் கொப்புளம் எப்படி வந்தது?

அரசலாற்றுப் பேரன் | நவம்பர் 23, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். தாத்தா வைத்திருந்த 1976 பிரீமியர் பத்மினி கார். ஊர் கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாற்றுக்கு நடந்தே போய்விடலாம். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் ஊர்ப்பக்கம் வர முடிகிறது. ஆறு வருடத்துக்கு முன்னால் வண்டியை முழுக்கப் பிரித்து, பட்டி டிங்கரிங் பார்த்து, பழைய ஆகாய நீலத்திலேயே 2கே பெயிண்ட் (ஹார்டனர் கலந்து அடிப்பது) அடித்தோம். சின்னச் செலவு இல்லை.

தீபாவளிக்கு வந்து கவரை எடுத்தால் வயிறு எரிகிறது. பானெட் முழுக்கக் கடுகு கொட்டினாற்போலக் கொப்புளம். டாப்பில் திட்டுத் திட்டாக வெளுப்பு, யாரோ சுண்ணாம்புக் கையால் தடவினாற்போல. இடதுபக்கக் கதவு இரண்டின் அடியிலும் பெயிண்ட் உப்பி, ஓரத்தில் பழுப்பு எட்டிப்பார்க்கிறது.

வண்டி நிற்பது கொல்லைப்பக்கக் கொட்டகை. மூன்று பக்கம் சுவர், முன்னால் ஷட்டர், மேலே தகரம். இந்த மழைக்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை, கையை வைத்துப் பார்த்துவிட்டேன். வண்டிக்கு மேலே வாட்டர்ப்ரூஃப் கவர் வேறு. மழையே படாத வண்டிக்கு எங்கிருந்து ஈரம் வரும்? பெயிண்டர் மட்டமான சரக்கை அடித்துவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. அவரோ "என் வேலையில் குறை இல்லை" என்கிறார். நாளைக்கு நேரில் போய்க் கேட்கப்போகிறேன். அதற்கு முன் உங்கள் கருத்து வேண்டும்.

கை கியர் | நவம்பர் 23, இரவு 9.31

விற்கிற யோசனை இருந்தால் சொல்லுங்கள் ப்ரோ. கொப்புளத்தோடு எடுத்துக்கொள்கிறேன்.

பழைய ஸ்டியரிங் | நவம்பர் 23, இரவு 10.05

நான் தஞ்சாவூர். 40 வருடமாக அம்பாசிடர் வைத்திருப்பவன். பத்மினிக்கு 2கே அடித்ததே முதல் தவறு. பழைய டியூகோ பெயிண்ட் அடித்த காலத்தில் இந்தக் கொப்புளமெல்லாம் கிடையாது. இரண்டாவது தவறு, வண்டியை ஓட்டாமல் வைத்தது. வாரம் ஒருமுறை கொட்டகைக்குள்ளேயே ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். எஞ்சின் சூட்டில் ஈரமெல்லாம் போய்விடும்.

பட்டறைக்காரன் | நவம்பர் 24, காலை 6.20

தம்பி, சண்டைக்குப் போவதை இரண்டு நாள் தள்ளிப்போடு. நான் மாயவரத்தில் 30 வருடமாகத் துப்பாக்கி பிடிக்கிறவன் (ஸ்ப்ரே துப்பாக்கிதான், பயப்பட வேண்டாம்). நீ சொன்ன மூன்றும் மூன்று தனித்தனி வியாதி என்று எனக்குப் படுகிறது. ஒரே மருந்து கேட்கிறாய்.

ஒரு தையல் ஊசி எடுத்துக்கொள். பானெட்டில் ஓரமாக ஒரு கொப்புளத்தை மெதுவாகக் குத்து. உள்ளே தண்ணீர் வருகிறதா, பழுப்புத் தூள் வருகிறதா, ஒன்றுமே இல்லாமல் வெறும் காற்றா என்று பார். தண்ணீர் வந்தால் படலத்துக்கு அடியில் ஈரம் புகுந்திருக்கிறது. பழுப்பு என்றால் தகரமே துருப்பிடித்துக்கொண்டு மேலே வருகிறது. வெறும் காற்று என்றால் அடிக்கும்போதே தின்னர் முழுக்கப் பறக்காமல் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது அடிப்பூச்சு (பிரைமர்) பிடிக்காமல் விட்டிருக்கலாம். குத்திய பிறகு படலத்தைக் கொஞ்சம் உரித்து அதன் பின்பக்கத்தையும் பார். பின்னால் பட்டி ஒட்டிக்கொண்டு வருகிறதா, பிரைமர் வருகிறதா, இரும்பு பளிச்சென்று தெரிகிறதா? எந்த இடத்தில் விட்டுப்போயிருக்கிறதோ அங்கேதான் கோளாறு.

கதவுக்கு வேறு சோதனை. கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். ஒரு கம்பியை விட்டுப் பார், அடைத்திருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

டாப்பைத் தொடாதே. பாலிஷ், காம்பவுண்ட் எதுவும் போடாதே. கவரை மட்டும் எடுத்துவிட்டு நிழலில் நிறுத்து. வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால் கொப்புளத்துக்குள் இருக்கிற தண்ணீர் சூடாகிப் படலத்தை இன்னும் தூக்கிவிடும்.

கொள்ளிடம் காற்று | நவம்பர் 24, மதியம் 1.15

நான் இயற்பியல் ஆசிரியை. காரைப் பற்றி எனக்குத் தெரியாது, அப்பாவின் பழைய ஸ்கூட்டரைத் துடைப்பதோடு சரி. ஆனால் "மழை படாத வண்டிக்கு எங்கிருந்து ஈரம்" என்ற கேள்விக்குப் பதில் சொல்லலாம்.

ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்பக்கம் வேர்க்கிறதல்லவா? அந்தத் தண்ணீர் டம்ளருக்குள்ளிருந்து வரவில்லை. காற்று 28 டிகிரியில், ஈரப்பதம் 85 சதவீதத்தில் இருந்தால் அதன் பனிநிலை 25 டிகிரியை ஒட்டி வரும். அந்தக் காற்று 25-க்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் அங்கே தண்ணீர் படியும். ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி முழுக்கக் குளிர்ந்த இரும்பு, காலை ஒன்பது மணிக்கு வெளிக்காற்று சூடாகும் வேகத்தில் சூடாகாது. காற்று முந்திக்கொள்கிறது, இரும்பு பின்தங்குகிறது. இடைப்பட்ட அந்த ஒன்றிரண்டு மணிநேரம் வண்டி வேர்க்கும்.

காலையில் ஷட்டரை யாராவது திறந்துவைக்கிறார்களா?

இன்னொன்று, பழைய ஸ்டியரிங் ஐயா கோபிக்கக்கூடாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராவதால் இப்படி. மூடிய கொட்டகையில் பத்து நிமிடம் ஓடவிட்டால் ஈரத்தை ஏற்றுகிறோம், இறக்கவில்லை. சைலன்சரும் உள்ளேயே துருப்பிடிக்கும். புகை ஆளைக் கொல்லும் என்பது தனி.

பழைய ஸ்டியரிங் | நவம்பர் 24, மதியம் 2.40

கோபமெல்லாம் இல்லை டீச்சர். சைலன்சரை மூன்று தடவை மாற்றியதற்கு இப்போதுதான் காரணம் தெரிகிறது.

அரசலாற்றுப் பேரன் | நவம்பர் 25, இரவு 8.45

ஊசி போட்டாயிற்று. பானெட்டில் ஏழு கொப்புளம் குத்தினேன், ஏழிலும் தண்ணீர். ஒரு துளிகூட இருக்காது, ஆனால் ஈரம் நன்றாகத் தெரிந்தது. உரித்தால் படலத்தின் பின்னால் சாம்பல்நிறப் பட்டி மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது.

கதவு: பட்டறைக்காரன் அண்ணன் பந்தயத்தில் ஜெயித்துவிட்டார். நான்கு ஓட்டையில் மூன்று அடைப்பு. கம்பியால் நோண்டினால் மண்ணும் நெல் உமியும் ஈரமாக வந்து விழுந்தன. உள்ளே தட்டினால் துரு உதிர்கிறது.

டீச்சர், ஷட்டரை அம்மாதான் தினமும் காலை எட்டரைக்குத் திறக்கிறார். "காத்தாட இருக்கட்டும்" என்று. சாயங்காலம் மூடிவிடுவாராம். எனக்குப் பேச்சே வரவில்லை.

பட்டறைக்காரன் | நவம்பர் 25, இரவு 9.30

உமியா? கொட்டகையில் நெல் போடுகிறீர்களா தம்பி?

அரசலாற்றுப் பேரன் | நவம்பர் 25, இரவு 9.52

போட்டிருக்கிறார்கள். இப்போதுதான் அம்மாவைக் கேட்டேன். குறுவை அறுத்ததும் மழை பிடித்துக்கொண்டது, களத்தில் காயவைக்க முடியவில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 20 காட்டுகிறது என்று திருப்பிவிட்டார்களாம். 25 மூட்டையைக் காருக்குப் பக்கத்தில் அடுக்கி மூன்று வாரம் வைத்திருந்தார்கள். பிறகு 17-க்கு இறங்கியதும் போட்டுவிட்டார்கள். இடதுபக்கச் சுவரோரம் மூட்டைகள். வலதுபக்கம் யூரியாவும் பொட்டாஷும் பிரித்த மூட்டைகளாக இன்னும் இருக்கின்றன.

கொள்ளிடம் காற்று | நவம்பர் 25, இரவு 10.20

மூட்டை 40 கிலோ என்றால் 25 மூட்டை ஒரு டன். ஒரு டன் நெல் 20 சதவீதத்திலிருந்து 17-க்கு இறங்க வேண்டுமானால் 36 லிட்டர் தண்ணீரை வெளியே விட வேண்டும். வேறு வழியே இல்லை. மூன்று குடம் தண்ணீர் உங்கள் கொட்டகைக் காற்றில்தான் கலந்தது. கூரை ஒழுகவில்லை என்று சந்தோஷப்பட்டீர்கள், ஈரம் பக்கத்துச் சுவரோரம் மூட்டைமூட்டையாக இருந்திருக்கிறது.

கை கியர் | நவம்பர் 25, இரவு 10.24

அப்போ நெல்லைக் காயவைத்த செலவைக் காரிடமிருந்து வசூலிக்கலாம்.

நாகை உப்பு | நவம்பர் 26, காலை 7.05

பொட்டாஷ் மூட்டையை இன்றைக்கே வெளியே எடுங்கள். அது பொட்டாசியம் குளோரைடு, உப்பின் ஒன்றுவிட்ட தம்பி. கடலோரத்தில் வண்டி வைத்திருக்கிற எங்களுக்குக் குளோரைடு என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். பெயிண்டின் மேலே தூசியாகக் கிடந்தால் உடனே ஒன்றும் ஆகாது. கல் தெறித்த இடம், கதவு விளிம்பு, ரப்பர் பீடிங் அடி என்று இரும்பு கொஞ்சம் தெரிகிற இடத்தில் போய் உட்காரும். பிறகு காற்றிலிருந்து ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். யூரியாவும் அப்படித்தான், மழை நாளில் பிரித்த மூட்டை கஞ்சியாகிவிடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நல்ல தண்ணீரில் முழுக்கக் கழுவுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். எங்கள் தெருவில் போர் தண்ணீரில் வண்டி கழுவினால் காய்ந்த பிறகு கோலம் போட்டாற்போல் வெள்ளைக் கோடு நிற்கும்.

பட்டறைக்காரன் | நவம்பர் 26, இரவு 9.15

நாகை உப்பு சொன்ன போர் தண்ணீரில்தான் நான் நினைத்த விஷயம் இருக்கிறது. தம்பி, ஆறு வருடம் முன்னால் வேலை நடந்தபோது போட்டோ எடுத்தாயா? பானெட்டை வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) போட்டுத் தேய்த்த போட்டோ இருந்தால் பார்.

எதற்குக் கேட்கிறேன் என்றால், பெயிண்ட் படலம் பிளாஸ்டிக் பை மாதிரித் தண்ணீரை முழுக்கத் தடுக்கிற சாமான் இல்லை. ஆவி மெல்ல மெல்ல உள்ளே போகும், காய்ந்த நாளில் மெல்ல வெளியே வரும். அடியில் சுத்தமாக இருந்தால் ஒன்றும் ஆகாது. அடியில் உப்பு இருந்தால்தான் வினை. அந்த உப்பு ஈரத்தைப் பிடித்துக் கரைந்து, மேலும் மேலும் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஊறவைத்த உலர்திராட்சை உப்புகிறதே, அதே கதை. படலம் தாங்கும்வரை தாங்கிவிட்டுத் தூக்கிவிடும். உப்பு எங்கிருந்து வரும்? தேய்த்த தண்ணீரிலிருந்து. அப்புறம் பையனின் வியர்வைக் கையிலிருந்து. பிரைமருக்கு முன்னால் வெறும் இரும்பைக் கையால் தடவிப் பார்ப்பது எங்கள் ஆட்களுக்கு உள்ள கெட்ட பழக்கம். எனக்கும் இருந்தது.

பட்டி இன்னொரு கூட்டாளி. அதில் பாதி டால்க் மாவு, ஸ்பாஞ்சு மாதிரித் தண்ணீர் குடிக்கும். தண்ணீர் விட்டுத் தேய்த்துவிட்டு, மேலே காய்ந்தாற்போல் தெரிகிறதே என்று அன்றைக்கே பிரைமர் அடித்தால் குடித்த தண்ணீர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் அது காய ஒரு நாள் போதாது.

கம்ப்ரஸர் டாங்கியில் தேங்குகிற தண்ணீரைத் தினமும் திறந்துவிடாத பட்டறைகளும் உண்டு. பெயிண்டோடு தண்ணீரும் சேர்ந்தே தூவும். ஆனால் அது உன் வண்டியில் இருந்திருந்தால் ஆறு வருடம் காத்திருக்காது.

நானும் யோக்கியன் இல்லை. 90-களில் ஒரு ஐப்பசியில், கல்யாணத்துக்கு வேண்டும் என்று அவசரப்படுத்தி ஒரு கறுப்பு அம்பாசிடரைக் கொண்டுவந்து விட்டார்கள். என்.சி. பெயிண்ட், அந்த டியூகோ வகைதான். வெளியே தூறல். அடித்து முடித்துப் பத்து நிமிடத்தில் வண்டி முழுக்கச் சாம்பல் பூத்துவிட்டது. தின்னர் வேகமாகப் பறக்கும்போது தகரம் சில்லென்று ஆகும், காற்றின் ஈரம் அந்த ஈரப் பெயிண்டிலேயே விழுந்து பால்போல் ஆகிவிடும். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மெதுவாகக் காய்கிற ரிட்டார்டர் தின்னரை மறுநாள் மதியம் லேசாகத் தூவினேன், கறுப்பு திரும்பி வந்தது. ஸ்டியரிங் ஐயா, டியூகோ காலத்திலும் எல்லாம் இருந்தது. நாங்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அரசலாற்றுப் பேரன் | நவம்பர் 27, இரவு 8.30

போட்டோ கிடைத்தது. பட்டறையில் ஒரு பையன் பானெட் மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டு தேய்க்கிறான். அந்தப் பக்கம் போர் தண்ணீரில் பருப்பே வேகாது.

அப்படியென்றால் தவறு பெயிண்டர் மேல்தானே?

பட்டறைக்காரன் | நவம்பர் 27, இரவு 8.55

பானெட்டுக்குப் பாதிப் பங்கு அவருக்கு. ஐந்து வருடம் நன்றாகத்தானே இருந்தது? நெல் வந்த வருடம்தான் கிளம்பியிருக்கிறது. உப்பை அவர் வைத்தார், தண்ணீரை நீங்கள் ஊற்றினீர்கள். கதவு முழுக்க உங்கள் கணக்கு, ஓட்டையை ஒருவரும் ஆறு வருடமாகக் குத்தவில்லை. டாப்பு கவரின் வேலை. அந்த வாட்டர்ப்ரூஃப் கவர் மழையை உள்ளே விடாது, ஈரத்தை வெளியேயும் விடாது. வேர்த்த தண்ணீர் துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் நாள்கணக்கில் ஊறியிருக்கிறது.

வேதாரண்யம் 68 | நவம்பர் 28, காலை 10.40

கொட்டகை பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஹெரால்டு கார் 2018 நவம்பர் 16 கஜா புயல்வரை கீற்றுக் கொட்டகையில்தான் நின்றது. சுற்றிலும் மூங்கில் தட்டி. பெயிண்ட் மங்கியது, கொப்புளம் வந்ததில்லை. கஜாவில் கொட்டகை பறந்துபோய்த் தென்னைமரம் பின்பக்கத்தில் விழுந்தது. சரிசெய்து, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நான்கு பக்கமும் சுவர் வைத்து, தகரம் போட்டு, சிமெண்ட் தரை போட்டோம். இரண்டே வருடத்தில் மட்கார்டு ஓரமெல்லாம் பொரிந்துவிட்டது. கீற்று மூச்சு விடும், தகரம் விடாது. இப்போது சுவரின் மேலேயும் கீழேயும் காற்றுப் போக ஜாலி (ஓட்டை உள்ள கல்) வைத்திருக்கிறேன்.

கொள்ளிடம் காற்று | நவம்பர் 28, இரவு 9.00

தரையையும் பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பாலிதீன் ஷீட்டை வெட்டி நான்கு ஓரமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டுங்கள். 16 மணிநேரம் கழித்து எடுத்தால், ஷீட்டின் அடியில் நீர் முத்துகள் இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ தரைக்கு அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் ஜனவரி கடைசிவரை நம் வாய்க்காலில் தண்ணீர் இருக்கும், வயலிலும் நிற்கும். கொட்டகைக்குப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் வயல்தானே?

அரசலாற்றுப் பேரன் | நவம்பர் 30, காலை 11.20

வயல்தான். சம்பா நடவு, கணுக்கால் தண்ணீர். ஷீட்டை எடுத்தேன், அடியில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. சுவரிலும் ஒரு முழம் உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது, இத்தனை நாள் அதைச் சுண்ணாம்பு உதிர்வு என்று நினைத்திருந்தேன்.

என்ன செய்யட்டும்? டிஹ்யூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுக்கிற மெஷின்) வாங்கலாமா?

பழைய ஸ்டியரிங் | நவம்பர் 30, மதியம் 12.10

கோழிக்குஞ்சுக்குப் போடுகிற குண்டு பல்பு ஒன்றை வண்டிக்கு அடியில் எரியவிடுங்கள். அப்பா பீரோவில் இப்படித்தான் வைப்பார். இதிலாவது நான் சொல்வது சரியா டீச்சர்?

கொள்ளிடம் காற்று | நவம்பர் 30, மதியம் 12.45

ரொம்பச் சரி ஐயா. 28 டிகிரியில் 85 சதவீதமாக இருக்கிற காற்றை, தண்ணீர் சேர்க்காமல் 32-க்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 68-ஐ ஒட்டி இறங்கிவிடும். இரும்பும் பனிநிலைக்கு மேலேயே நிற்கும். ஆனால் பெட்ரோல் வண்டிக்கு அடியில், உமியும் சாக்கும் கிடக்கிற இடத்தில், ஆளில்லாமல் சூடான பல்பு வேண்டாம். டாங்கியும் பழைய ரப்பர் டியூப்களும் எப்படி இருக்கின்றனவோ. டிஹ்யூமிடிஃபையர் மூடிய அறைக்குத்தான் உதவும். ஜாலி வைத்துவிட்டு அதையும் ஓட்டினால் கும்பகோணத்துக் காற்றை முழுக்க உலர்த்தப் பார்ப்பதாகும். இரண்டில் ஒன்று.

பட்டறைக்காரன் | நவம்பர் 30, இரவு 9.40

என் யோசனை இது. இப்போது பெயிண்டைத் தொடாதே. மார்கழிப் பனியில் எந்த வேலையும் உருப்படாது. தை அறுப்பு முடிந்து, வாய்க்கால் வற்றி, மாசிக் காற்று அடிக்கட்டும். அதுவரை வண்டியை நான்கு ஸ்டாண்டில் தூக்கி, அடியில் கனமான பாலிதீன் விரித்து, அதை ஓரச்சுவர்வரை கொண்டுபோ. மூட்டை எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. கவருக்குப் பதில் பழைய வேட்டி நான்கைச் சேர்த்துத் தைத்துப் போடு, தூசி தடுக்கும், மூச்சும் விடும். ஷட்டரைக் காலையில் திறக்க வேண்டாம், மதியம் ஒரு மணிக்குமேல் திறந்து நான்கு மணிக்கு மூடச் சொல். ஜாலி வைத்துவிட்டால் அந்தக் கவலையும் குறையும். சில நூறு ரூபாய்க்கு ஈரமானி கிடைக்கிறது, ஒன்று வாங்கி மாட்டு. 60-க்குமேல் ஏற ஏறத் துருவுக்குக் கொண்டாட்டம். நம் ஊரில் 60 கனவுதான், 70-க்கு முயற்சி பண்ணலாம்.

மாசியில் பானெட்டை இரும்புவரை சுரண்டிவிட்டு, ஆர்.ஓ. தண்ணீரில் கழுவி, காயவைத்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர். பட்டி தேவைப்பட்டால் எபாக்ஸிக்கு மேலே, இரும்பில் நேராக வேண்டாம். பட்டியைக் காய்ந்த பேப்பரிலேயே தேய்க்கச் சொல். கதவின் அடியை வெட்டித் தகரம் வைக்க வேண்டியிருக்கும், உள்ளேயும் பூச்சு போக வேண்டும்.

கை கியர் | டிசம்பர் 1, காலை 8.15

50 வயதானால் விண்டேஜ் பதிவு போடலாம், 2021-இல் விதி வந்தது. 'விஏ' என்று நம்பர் கிடைக்கும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்டணம். கதவை வெட்டும்போது அசல் வடிவம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விற்பதில்லை என்று தெரிந்துவிட்டதால் இதையாவது சொல்லிவைக்கிறேன்.

அரசலாற்றுப் பேரன் | பிப்ரவரி 21, இரவு 7.50

ரொம்ப நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

ஜாலி மேலே நான்கு, கீழே நான்கு. பாலிதீன் விரித்தாயிற்று. டிசம்பரில் மானி காலையில் 91 காட்டியது, இப்போது காலையில் 78, மதியம் 58. டாப்பின் வெளுப்பு தொடாமலேயே முக்கால்வாசி போய்விட்டது, பின்கண்ணாடி ஓரத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது. பானெட்டில் சின்னக் கொப்புளங்கள் அமுங்கிவிட்டன. ஆனால் விரலால் தடவினால் இடம் தெரிகிறது.

பெயிண்டரிடம் சண்டைக்குப் போகவில்லை. அந்தப் போட்டோவை மட்டும் காட்டினேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "அந்தப் பையன் இப்போது துபாயில் இருக்கிறான்" என்றார். பிறகு, சரக்கை வாங்கிக் கொடுத்தால் பானெட்டைக் கூலி இல்லாமல் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். கதவுக்குக் கூலி உண்டு. நியாயம்தான். திங்கள்கிழமை பானெட்டை மட்டும் கழற்றிக் கொண்டுபோகப் போகிறேன்.

அம்மாவுக்குத்தான் வருத்தம். சம்பா நெல்லை எங்கே போடுவது என்று கேட்கிறார். இப்போதைக்குத் தாழ்வாரத்தில் கிடக்கிறது, வீட்டுக்குள் போக மூட்டை ஏறித்தான் இறங்க வேண்டும்.

பட்டறைக்காரன் | பிப்ரவரி 21, இரவு 8.30

நல்லது தம்பி. பானெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் கீல் போல்ட் ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவை. இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது இடைவெளி சரியாக உட்காராமல் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். தூக்க இரண்டு ஆள் வேண்டும், தனியாகத் தொடாதே.